பங்காளிச் சண்டை இல்லாத வீடு: புத்திரசுவிகாரமும் கிறிஸ்தவ அடையாளமும்



கிறிஸ்தவ அடையாளம் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். அடையாளம் என்றதும் கழுத்துச் சிலுவை, கையில் வேதாகமம், ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானப் பெயர் என்று அடுக்கிவிடுவோம். பவுல் அப்போஸ்தலரைக் கேட்டிருந்தால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஓர் உறவுமுறையைச் சொல்லியிருப்பார். நாம் கடவுளின் வீட்டுக்குத் தத்து வந்த பிள்ளைகள். ரோமர், கலாத்தியர், எபேசியர் என்ற மூன்று நிருபங்களிலும் அவர் இதை எழுதுகிறார். யோவான் இதே உறவைப் பிறப்பாகச் சொல்கிறார். பவுலோ சட்ட வழக்கத்தை எடுத்துக்கொள்கிறார். பின்னாளில் சபைகள் பலவற்றில் பிரிந்தாலும் இதில் பிரியவில்லை. 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் மீட்பைப் பற்றிப் பேசும்போது சுவிகாரப் பிள்ளைகளின் நிலைக்குள் வருவதாகத்தான் விளக்கியது. நூறு ஆண்டுகள் கழித்துச் சீர்திருத்த சபையாரின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியது.

கொள்கையில் தகராறு இல்லை. அதை நாம் கேட்கும் விதத்தில்தான் குறை இருக்கிறது. தத்து என்றால் தெருவில் கிடந்த அநாதையைத் தூக்கி வளர்த்த கதை நம் நினைவுக்கு வருகிறது. கண் கலங்குகிறது, பாட்டும் பிறக்கிறது. பவுலின் நிருபத்தை முதலில் காதால் கேட்டவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும்: சொத்து, வாரிசு, பெயர், பங்கு. அவர்கள் கேட்ட விதத்தில் நாமும் கேட்டால், சுவிகாரம் நம் கண்ணீரைத் துடைப்பதோடு நிற்காது. நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் தரவேண்டிய பங்கையும் கணக்குக் கேட்கும். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

1. இரண்டு வெள்ளிக் காசுகள்

கொங்கு நாட்டில் வெள்ளலூர், பூதிநத்தம், கரூர் போன்ற இடங்களில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்திருப்பதை அறிவீர்கள். தினாரியம் என்ற அந்தக் காசு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை. கிடைத்தவற்றில் இரண்டு வகைகளே மிகுதி.

முதல் வகையின் முன்பக்கம் பேரரசர் அகஸ்துவின் தலை; சுற்றிலும் அவரைத் தெய்வமானவரின் மகன் என்று சொல்லும் எழுத்து. தெய்வமானவர் யார்? ஜூலியஸ் சீசர். அவர் அகஸ்துவைப் பெற்றவர் அல்லர். கி.மு. 44இல் சீசர் கொல்லப்பட்டபின் அவருடைய உயிலைப் பிரித்தபோது, பின்னாளில் அகஸ்து எனப்பட்ட பதினெட்டு வயது ஒக்தாவியனை மகனாக ஏற்றிருந்தது தெரிந்தது. காசைத் திருப்பினால் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள், நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். காயு, லூசியு, அகஸ்துவின் மக்கள் என்கிறது எழுத்து. அவர்களும் பெற்ற மக்கள் அல்லர், மகள் வயிற்றுப் பேரர்கள். கி.மு. 17இல் அவர்களுடைய தகப்பன் அக்ரிப்பாவிடமிருந்து, தராசும் செப்புக்காசும் வைத்து அகஸ்து தன் வீட்டிலேயே வாங்கிக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர் சூத்தோனியு எழுதுகிறார். மூத்தவனுக்கு மூன்று வயது, இளையவன் கைக்குழந்தை.

இரண்டாம் வகை திபேரியுவின் காசு. தெய்வமான அகஸ்துவின் மகன் என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த இளைஞர்கள் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோக, வேறு வழியில்லாமல் கி.பி. 4இல் அகஸ்து சுவிகாரம் செய்துகொண்டவர் திபேரியு. அப்போது அவருக்கு வயது 44. இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இயேசு கேட்டு வாங்கிப் பார்த்த காசு இந்த வகைதான் என்பது பரவலான கருத்து.

இரண்டு காசுகளிலும் மூன்று சுவிகாரங்கள். பேரரசில் காசு புழங்கிய இடமெல்லாம், தெய்வமானவருக்குத் தத்து மகன் என்ற பட்டம் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டம் உலகத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு உரியது. பவுல் அந்தப் பட்டத்தைத்தான் எடுத்துச் சபையார் அத்தனை பேருக்கும் சூட்டுகிறார்.

2. ரோமரின் வழக்கம்

ரோமரிடையே தத்து என்பது பெரும்பாலும் தத்தெடுப்பவரின் தேவைக்காக நடந்தது. குலப்பெயர் நிற்கவேண்டும், குடும்பத் தெய்வ வழிபாடு தொடரவேண்டும், சொத்துக்கு ஆள் வேண்டும். ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள்; நல்ல குடியில் பிறந்தவர்கள்; திறமையை ஏற்கெனவே காட்டியவர்கள். தகப்பனுக்குப் பிள்ளைமேல் இருந்த அதிகாரம் அவ்வளவு கெட்டியானது என்பதால், ஒரு மகனை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப அவனை மூன்று முறை விற்பதுபோல் ஒரு சடங்கு செய்யவேண்டும். ஐந்து குடிமக்கள் சாட்சி. ஆறாவது ஆள் தராசைப் பிடித்திருப்பார். மூன்றாம் விற்பனையோடு பழைய தகப்பனின் பிடி அற்றுவிடும். பிறகு அதிகாரியின் முன்னால் புதிய தகப்பன், இவன் என் மகன் என்று உரிமை கோருவார்.

நம் ஊரில் பங்காளி என்ற உறவின் கசப்பு எல்லோருக்கும் தெரியும். புதிதாக ஒரு வாரிசு வந்தால் ஏற்கெனவே இருப்பவரின் பங்கு குறையும். ரோமிலும் இதே கதைதான். கிலவுதியு பேரரசருக்குப் பிரித்தானிக்கு என்ற சொந்த மகன் இருந்தான். அப்படியிருந்தும் கி.பி. 50இல் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனான நீரோவைச் சுவிகாரம் எடுத்தார். நான்கு ஆண்டுகளில் கிலவுதியு இறந்தார், தெய்வமாக அறிவிக்கப்பட்டார், நீரோ அரியணை ஏறினான். அடுத்த ஆண்டே, 55இல், விருந்து மேசையில் பிரித்தானிக்கு சுருண்டு விழுந்து செத்தான். நஞ்சு என்று வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார். பெற்ற பிள்ளையும் தத்துப் பிள்ளையும் ஒரு வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊரே அறிந்த உதாரணம் அது.

அந்த விருந்து நடந்து இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் பவுலின் நிருபம் ரோமாபுரிக்கு வந்து சேர்ந்தது.

3. பவுல் புரட்டிப் போட்டது

அந்த நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் பெயர்களைப் பாருங்கள். அம்பிலியா, உர்பான், எர்மே. அடிமைகளிடமும் விடுதலை பெற்றவர்களிடமும் சகஜமாகக் காணப்பட்ட பெயர்கள் இவை. ரோமச் சட்டத்தில் அடிமைக்குச் சட்டப்படி தகப்பன் கிடையாது. அவனைப் பெற்றவர் பக்கத்து அறையில் இருக்கலாம். ஆனாலும் சட்டம் அவனை யாருடைய மகன் என்றும் பதிவு செய்யாது. அவன் எதற்கும் வாரிசு அல்லன். அவனே வாரிசுக்குப் போய்ச் சேரும் சொத்து. அந்த ஆள் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நீ இனி அடிமையல்ல, மகன், மகனானால் சுதந்தரவாளி, வாரிசு என்ற செய்தியைக் கேட்கிறான். இதை ஆறுதல் மொழி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமுடியாது. அவனுடைய சட்ட நிலையையே கடவுள் மாற்றி எழுதுகிறார்.

பெண்களின் நிலையும் அப்படித்தான். பெயரைக் காக்கத் தத்தெடுத்த வீடுகள் பெண்ணைத் தேடவில்லை. கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன், ஆண், பெண் என்று எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அத்தனை பேரும் வாரிசுகள் என்கிறார். தத்து மகனுக்கு இருந்த தகுதியைச் சபையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையிலும் கொடுக்கிறார்.

அடுத்தது, தத்தெடுப்பவரின் தேவை. கடவுளுக்குப் பிள்ளை இல்லாத குறை இல்லை. அவருக்கு நித்தியமான மகன் இருக்கிறார். இயேசுவும் மனிதத் தன்மையில் தத்து மகனே என்று எட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் சிலர் போதித்தார்கள். 794இல் பிராங்க்பர்ட்டில் கூடிய சங்கம் அதை மறுத்தது. மறுத்தது சரிதான். அவர் பெற்ற மகனாக இருப்பதால்தான் இந்தச் சுவிகாரம் ரோமரின் வழக்கத்திலிருந்து வேறுபடுகிறது. அகஸ்துவுக்கு ஆள் தேவைப்பட்டது, கடவுளுக்குத் தேவைப்படவில்லை. வம்சம் அற்றுப்போகும் பயம் இல்லாத வீட்டில் தத்து எடுக்கிறார் என்றால், வருகிறவனின் திறமைக்காகவும் அல்ல, வீட்டாரின் லாபத்துக்காகவும் அல்ல.

பிரித்தானிக்கின் வீட்டில் தத்து வந்தவன் உள்ளே வரப் பெற்ற மகன் வெளியேறவேண்டியிருந்தது. பவுல் சொல்லும் வீட்டிலும் பெற்ற மகன் சாகிறார். அவரைக் கொன்று யாரும் உள்ளே வரவில்லை. அவரே மனமுவந்து உயிரைக் கொடுத்து, உயிர்த்தெழுந்து, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அநேக சகோதரருக்குள் முதற்பேறானவர் என்று பவுல் அவரைச் சொல்வது இதனால்தான். மூத்தவரே இளையவர்களை வாசலில் நின்று அழைக்கிறார். அந்தச் சொத்தில் பங்கு பிரிக்கப் பிரிக்க யாருக்கும் குறைவதில்லை. அதனால் அது பங்காளிச் சண்டை இல்லாத வீடு.

4. மேடையில் சொல்லப்படும் ஒரு வாதம்

பெற்ற பிள்ளையை ரோமத் தகப்பன் தள்ளிவிடலாம், தத்தெடுத்த பிள்ளையைத் தள்ளமுடியாது, ஆகவே நம் மீட்பு உறுதி என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. திபேரியுவைச் சுவிகாரம் செய்த அதே நாளில் அகஸ்து இன்னொரு பேரனான அக்ரிப்பா போஸ்துமுவையும் சுவிகாரம் செய்தார். சில ஆண்டுகளில் அவன்மேல் வெறுப்பு வந்தது. குடும்பத்தை விட்டு விலக்கி, கி.பி. 7இல் பிளனாசியா என்ற சின்னத் தீவுக்கு அனுப்பினார். 14இல் அகஸ்து இறந்த கையோடு அந்த இளைஞனும் கொல்லப்பட்டான்.

ரோமச் சட்டத்தில் நம் உறுதியைத் தேடினால் அந்தத் தீவில் போய்த்தான் நிற்போம். பவுல் அங்கே தேடவில்லை. தன் சொந்தக் குமாரனையே ஒப்புக்கொடுத்தவர் மற்றதைத் தராமல் இருப்பாரா என்பதுதான் அவருடைய வாதம். பிள்ளையின் நடத்தையைப் பார்த்து வந்த உறவாக இருந்தால், நடத்தையைப் பார்த்துப் போய்விடும். இந்த உறவு மூத்த மகனைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்றையும் பவுல் மறைக்கவில்லை. ரோமர் எட்டாம் அதிகாரத்திலேயே, சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றோம் என்றும் சொல்கிறார், சுவிகாரம் வருகிறதற்குக் காத்திருக்கிறோம் என்றும் சொல்கிறார். உறவு வந்துவிட்டது, சுதந்தரம் முழுவதும் கைக்கு வரவில்லை. உடலின் மீட்பு பாக்கி இருக்கிறது. நோயும் வறுமையும் வந்த விசுவாசியைப் பார்த்து, பிள்ளையாக இருந்தால் உனக்கு ஏன் இப்படி என்று கேட்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைப் படிக்கத் தவறுகிறார்கள்.

5. சாட்சி சொல்ல ஒருவர்

தத்து செல்லுமா என்ற கேள்வி எழும்போது சாட்சி வேண்டும். நம் தஞ்சாவூரிலேயே அது நடந்தது. 1787இல் மன்னர் துளஜா சாகும் தறுவாயில் சிறுவன் சரபோஜியைச் சுவிகாரம் எடுத்து, ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பாதுகாப்பை ஒப்படைக்க விரும்பினார். பட்டத்துக்கு வந்தவரோ துளஜாவின் சகோதரர் அமர்சிங். சரபோஜியின் சுவிகாரம் சாஸ்திரப்படி செல்லாது என்று பண்டிதர்கள் கருத்துச் சொல்ல, கும்பினி அரசு அதை ஏற்றது. சிறுவன் அடைத்துவைக்கப்பட்டதுபோல் வளர்ந்தான். சுவார்ட்ஸ் விடவில்லை. எழுதினார், வாதாடினார், பையனைச் சென்னைக்கு அழைத்துப் போகச் செய்தார். பிறகு வேறு பண்டிதர்களின் கருத்தும் கேட்கப்பட்டு, சுவிகாரம் செல்லும் என்று முடிவானது. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் தனக்காகச் சாட்சி நின்றவரின் மரணப் படுக்கையருகே தான் கைபிடித்து நிற்கும் பளிங்குச் சிற்பத்தைச் சிற்பி பிளாக்ஸ்மனிடம் செய்யச் சொல்லித் தருவித்தார். தஞ்சை சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் இன்றும் அதைக் காணலாம்.

உன் பிறப்பு என்ன, உன் உரிமை செல்லுமா என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. நாம் கடவுளின் பிள்ளைகள் என்பதற்கு ஆவியானவர் தாமே சாட்சி கொடுக்கிறார் என்று பவுல் எழுதும்போது, ரோமச் சடங்கின் ஐந்து சாட்சிகளின் இடத்தில் அவரை நிறுத்துகிறார். பட்டத்துக்கு உரிமை கோர முடியாத பிள்ளைக்காக வழக்காடும் சாட்சி அவர்.

6. தத்தெடுக்க முடியாத தத்துப் பிள்ளைகள்

இப்போது நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1956இன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு மட்டும். ஞாயிறுதோறும் நாங்கள் கடவுளின் சுவிகாரப் பிள்ளைகள் என்று அறிக்கை செய்யும் கிறிஸ்தவருக்கு, ஒரு குழந்தையைச் சுவிகாரம் செய்ய நெடுங்காலம் சட்டம் இருக்கவில்லை. 1890இன் பாதுகாவலர் சட்டப்படி பாதுகாவலர் ஆக முடிந்தது, அவ்வளவுதான். பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த உறவு சட்டத்தில் முடிந்துவிடும். உயில் எழுதிவைக்காமல் வளர்த்தவர் இறந்தால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பி மக்கள் வந்து பூட்டை மாற்றிவிடலாம். பொதுவான தத்தெடுப்புச் சட்டத்துக்காக 1972லும் 1980லும் நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன, இரண்டும் சட்டமாகவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 110ஆம் விதி, நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர்கள் தத்தெடுத்தவரின் பிள்ளைகளே என்கிறது. நாட்டுச் சட்டமே இல்லாதிருந்த காலத்தில் அந்த விதி எதைப் பற்றி நின்றிருக்கும்? டோனாவூரில் 1901 முதல் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் வளர்த்த பிள்ளைகள் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவுக்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

2000இல் வந்த சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும்தான் கதவைத் திறந்தன. எந்த மதத்தவரும் இதன்படி தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போதுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவைப் படித்தால் பவுலின் விளக்கவுரை போல இருக்கும். ஆணை நடைமுறைக்கு வரும் நாள் முதல் குழந்தை அந்தப் பெற்றோருக்கே பிறந்ததாகக் கொள்ளப்படும், வாரிசுரிமை உட்பட எல்லாவற்றுக்கும். சட்டம் வந்துவிட்டது. சபை மனம் வந்ததா? தத்துப் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது, ரத்தம் எந்த ரத்தமோ என்று கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்கள் யார்? அவர்களும் சுவிகாரப் பிள்ளைகள்தானே?

7. வாலாகத் தொடரும் பெயர்

ரோமில் தத்துப் போனவர் புதிய குடும்பத்தின் பெயரைத் தரித்துக்கொள்வார். பிறந்த குடியின் பெயர் சிறு மாற்றத்தோடு கடைசியில் ஒட்டிக்கொள்ளும். கார்த்தேஜை வீழ்த்திய சிப்பியோ எமிலியானு, எமிலியு குடியில் பிறந்து சிப்பியோக்களின் வீட்டுக்குப் போனவர் என்பது அவர் பெயரிலேயே தெரியும். ஒக்தாவியன் மட்டும் அந்த வாலை வைத்துக்கொள்ளவில்லை. தன்னைச் சீசர் என்றே சொல்லிக்கொண்டார்.

நம் வால் எது என்று சொல்லத் தேவையில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமையை அறவே விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சரபோஜியோடு சுவார்ட்ஸிடம் படித்தவரும், தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்களில் தலைசிறந்தவருமான வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தைக் காக்க வாதாடியவர். அந்த வாதம் 19ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. சபைப் பத்திரிகையின் மணமக்கள் தேவை பகுதியை எடுத்துப் பாருங்கள். வயது, படிப்பு, சம்பளம், இரட்சிக்கப்பட்டவர் என்ற குறிப்பு, அதற்குப் பக்கத்திலேயே உட்பிரிவு. இரட்சிப்பும் உட்பிரிவும் ஒரே வரியில், நடுவே ஒரு கமா. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் நடக்கும் பாகுபாட்டை ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது.

சாதி என்பது பிறப்பால் வரும் உரிமை. சுவிகாரம் என்பது பிறப்பால் வராத உரிமை. ஒருவர் இரண்டின்மேலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. இந்த வீட்டில் பிறந்து வந்தவர் ஒருவரே. மற்ற யாவரும் வாங்கப்பட்டு வந்தவர்கள். வாங்கப்பட்டு வந்தவர்களில் யார் யாரைப் பார்த்துக் கீழே உட்கார் என்று சொல்வது? யூதரல்லாதவருக்கும் பவுல் இதையே எச்சரித்தார். சுவிகாரம் முதலில் இஸ்ரவேலருடையது என்று ரோமர் ஒன்பதில் சொல்லிவிட்டு, பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்கள்மேல் பெருமை கொள்ளாதிருக்கும்படி அதற்கடுத்த அதிகாரங்களில் கண்டிக்கிறார். பிற சமயத்தாரோடு நாம் வாழும் முறைக்கும் இது பொருந்தும். தானாகச் சம்பாதிக்காத ஒன்றை வைத்துக்கொண்டு அயலானிடம் மார்தட்டுவது தத்துப் பிள்ளைக்கு அழகல்ல.

8. செய்யவேண்டியவை

பேச்சோடு நிறுத்தாமல் மூன்று காரியங்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். ஒன்று, சபைப் பத்திரிகைகளும் திருமணத் தகவல் மையங்களும் உட்பிரிவுக் கட்டத்தை எடுத்துவிடட்டும். இரண்டு, ஒவ்வொரு சபையும் தத்தெடுக்க விரும்பும் தம்பதியருக்கு வழிகாட்ட ஒரு சிறு குழு அமைக்கட்டும். பதிவு முதல் ஆணை வரை துணை நிற்கட்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் தத்துப் பிள்ளைக்கென்று தனி அடையாளமிட்டு வாழ்நாள் முழுவதும் அது தொடரும்படி செய்யாமல், பெற்றோர் பெயரை மரியாதையாக எழுதட்டும். மூன்று, கல்லறைத் தோட்டம். உயிரோடு இருக்கும்போது ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் வாங்கியவர்களைச் செத்தபின் சுவர் வைத்துப் பிரிக்கும் இடங்கள் இருக்கும்வரை, உடலின் உயிர்த்தெழுதலை நம்புகிறோம் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்ல நமக்கு வாய் இல்லை.

இவற்றில் எதற்கும் புதிய இறையியல் தேவையில்லை. உள்ள இறையியலைப் பங்குப் பேரவைக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினால் போதும். கிறிஸ்தவர் யார் என்று யாராவது கேட்டால் நாம் காட்டவேண்டிய சான்று, யாரையெல்லாம் உடன்பிறந்தாராக ஏற்றுப் பங்கு கொடுத்திருக்கிறோம் என்பதுதான். அந்தக் கணக்கை அடுத்த ஆண்டு இதே அறக்கட்டளைக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கட்டும்.